பேட்ஜ் இல்லாவிட்டாலும் தலைவர்தானா? பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் அடிக்கடி கேட்பவை

சனிக்கிழமை காலைகளில் சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் உயர்நிலைப் பள்ளித் தமிழ்ப் பிள்ளைகள் இருபது, இருபத்தைந்து பேரோடு இருப்பேன். தொண்டூழியம்தான். நாடகம் போடுவோம், நிகழ்ச்சி நடத்துவோம், நடுநடுவே யார் எதில் கெட்டி, யார் எதில் சொதப்புகிறார் என்ற பேச்சும் ஓடும். ஆறேழு வருடமாக வாட்ஸ்ஆப்பிலும் லிஃப்ட் வாசலிலும் தலைமைத்துவம் பற்றி வருவது ஏறக்குறைய இதே கேள்விகள் என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர் வார்த்தையிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். பிள்ளைகள் கேட்டதற்கு 'நீ', பெற்றோர் கேட்டதற்கு 'நீங்கள்'.

தலைமைத்துவம்னா பிரிஃபெக்ட் ஆவதுதானே அக்கா?

பிரிஃபெக்ட் (மாணவர் தலைவர்) என்பது ஒரு பதவி. அந்தப் பதவியில் இருந்துகொண்டு காலை வரிசையில் நிற்பவர்களின் நகத்தையும் முடியையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு, பதவியே இல்லாமல் ஒரு வகுப்பைத் தூக்கி நிறுத்துபவர்களும் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன், ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழா சமயத்தில், நாங்கள் ஒரு சின்னக் கதைசொல்லும் நிகழ்ச்சி நடத்தினோம். ஏற்பாட்டுக் குழுவில் இருந்த எல்லாருக்கும் கழுத்தில் அட்டை. உயர்நிலை இரண்டு படித்த ஒரு பெண் மட்டும் சும்மா உதவிக்கு வந்திருந்தாள், அவளுக்கு அட்டை இல்லை. நிகழ்ச்சிக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது பார்க்கிறேன், நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். பதிவு செய்தவர்கள் 80 பேர், நாற்காலி 62. பதறவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை, கீழே முகப்பில் இருந்த அங்கிளிடம் பக்கத்து அறைச் சாவியை வாங்கி வந்து, வெட்டியாக நின்ற நான்கு பையன்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வேலை வாங்கிவிட்டாள். முன்வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலி அளவு இடம் காலியாகக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "ஒரு பாட்டி வீல்சேரில் வருவாங்கன்னு பாரத்தில் எழுதியிருந்ததே" என்றாள். அந்தப் பாரத்தை நாங்கள் எல்லாருமே படித்திருந்தோம். அட்டை போட்டவர்கள் அந்த நேரத்தில் மேடைப் பின்னணி முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பக்கத்தில் தலைமைத்துவம் என்று நான் எழுதும்போதெல்லாம் மனதில் இருப்பது அவள்தான்.

தன்னை அறிதல், தன்னை அறிதல்னு சொல்றீங்களே, தியானம் மாதிரியா?

இல்லை. கல்வி அமைச்சின் 21ஆம் நூற்றாண்டுத் திறன்கள் வரைபடத்தைப் பள்ளிச் சுவரில் பார்த்திருப்பாய். நடுவில் ஆறு விழுமியங்கள், அவற்றைச் சுற்றி ஐந்து சமூக, உணர்வுத் திறன்கள். அந்த ஐந்தில் ஒன்றுதான் தன்னை அறிதல். மற்றவை தன்னை ஆளுதல், பிறரை அறிதல், உறவுகளைப் பேணுதல், பொறுப்பாக முடிவெடுத்தல். என்னைக் கேட்டால் தன்னை அறிதல் இல்லாமல் மற்ற நான்கும் நிற்காது. தனக்குக் கோபம் எப்போது வரும் என்றே தெரியாதவன் அதை எங்கே அடக்குவது?

ஒரு பையன் சொன்ன உதாரணம் எனக்குப் பிடித்தது: "அக்கா, பசி வந்தால் நான் எல்லார் மேலும் எரிந்து விழுவேன், அதனால் சிசிஏ (இணைப்பாட நடவடிக்கை) முடிந்து ஆறு மணிக்கு மீட்டிங் வைத்தால் முக்கியமான விஷயம் எதையும் பேச மாட்டேன், முதலில் மைலோ குடிப்பேன்." அவ்வளவுதான் விஷயம்.

என் பலம் என்னன்னே தெரியல. எதுலயும் நான் முதல் ஆள் இல்ல.

'முதல் ஆள்' என்ற அளவுகோலை முதலில் கீழே வை. நாற்பது பேர் வகுப்பில் ஒவ்வொரு விஷயத்திலும் ஒருவர்தான் முதல், அப்படிப் பார்த்தால் மீதி முப்பத்தொன்பது பேருக்கும் பலமே இல்லை என்றாகிவிடும்.

ஒரு பழைய நோட்டுப் புத்தகம் எடுத்து இரண்டு வாரம் தினமும் படுக்கப் போகும்முன் மூன்று வரி எழுது. யாரும் சொல்லாமலே இன்று நான் செய்தது என்ன. எதைச் செய்தபோது சோர்ந்துபோனேன். யார் எதற்காக என்னைத் தேடி வந்தார்கள். மூன்றாவது வரிதான் பொன். நமக்குச் சுலபமாக வருவது நமக்குப் பலமாகவே தோன்றாது, 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று விட்டுவிடுவோம், ஆனால் நம்மைச் சுற்றி இருப்பவர்கள் கவனித்து வைத்திருப்பார்கள். தனக்கு ஒன்றுமே தெரியாது என்று சாதித்த ஒரு பெண்ணின் நோட்டில் பதினான்கு நாளில் ஒன்பது முறை, சண்டை போட்டுக்கொண்ட யாரோ ஒருவர் அவளிடம் வந்து புலம்பியதாக இருந்தது. ஒன்பது முறை! அதை அவளே எண்ணிப் பார்த்தது கிடையாது.

இரண்டாவது வரியையும் அலட்சியம் செய்யாதே. நன்றாகச் செய்வதும் பலமும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்குகிறாய், ஆனால் ஒவ்வொரு முறையும் பிழிந்து போட்டதுபோல் ஆகிறாய் என்றால் அது நீ பழகிக்கொண்ட திறமை. பலமானது செய்து முடித்த பிறகும் உன்னிடம் கொஞ்சம் தெம்பை மிச்சம் வைக்கும்.

நோட்டெல்லாம் எதுக்கு, ஆன்லைன்ல டெஸ்ட் எடுத்தா போதாதா?

எடு, தவறில்லை. பலரும் சொல்வது விஐஏ. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் விஐஏ என்றாலே முதியோர் இல்லத்துக்குப் போவதும் கடற்கரையில் குப்பை பொறுக்குவதும்தான் நினைவுக்கு வரும். அது 2012-இல் சிஐபி என்ற பழைய சமூக சேவைத் திட்டத்தின் இடத்தில் வந்த பள்ளித் திட்டம். டெஸ்ட் விஐஏ வேறு. கிறிஸ்டோபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2004-இல் வகுத்த 24 குணநலப் பலங்களை வைத்துச் செய்தது. இலவசம், இளையர்களுக்குத் தனி வடிவமும் இருக்கிறது. கேலப் நிறுவனத்தின் கிளிஃப்டன்ஸ்டிரெங்த்ஸ் இன்னொன்று, அதில் 34 தலைப்புகள், அதற்குக் காசு கட்ட வேண்டும்.

ஆனால் ஒன்று, இவை எல்லாமே நீ உன்னைப் பற்றிச் சொல்வதை வரிசைப்படுத்தி உன்னிடமே திருப்பித் தருபவை. நீ தப்பாகச் சொன்னால் அதுவும் தப்பாகத்தான் சொல்லும். முடிவில் வரும் முதல் ஐந்து சொற்களை எடுத்து, போன மாதம் இதை நான் எங்கே செய்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவம் எழுது. சம்பவம் கிடைக்காத சொல்லை அடித்துவிடு.

எம்பிடிஐ-ல எனக்கு 'ஐ' வந்துச்சு. அப்போ நான் லீடர் ஆக முடியாதா?

முடியும். அந்த 'ஐ', கூட்டத்திலிருந்து கொஞ்சம் விலகி இருந்தால் உனக்குத் தெம்பு வரும் என்கிறது, அவ்வளவே. கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் என்ற அவர் மகளும் சேர்ந்து உருவாக்கிய ஆளுமைச் சோதனை இது, மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கும். சில வாரம் கழித்து மறுபடி எடுத்தால் வேறு எழுத்து வருபவர்கள் நிறைய. வாட்ஸ்ஆப் புரொஃபைலில் போட்டுக்கொள்ள அழகாக இருக்கிறது, போட்டுக்கொள்.

என் மகன் வாயே திறக்க மாட்டான். டீச்சர் ஒவ்வொரு முறையும் 'ஸ்பீக் அப்' என்று எழுதி அனுப்புகிறார். என்ன செய்வது?

ஒரு விஷயம் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, அடக்கமாக இரு என்று வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருடம் சொல்லி வளர்த்துவிட்டு, உயர்நிலை ஒன்றில் நுழைந்ததும் முன்னால் வந்து பேசு என்றால் பிள்ளை எந்தப் பக்கம் போவான்? பல தமிழ் வீடுகளில் இதைப் பார்க்கிறேன், என் வீட்டிலும் இதே கதைதான்.

அமைதியான பிள்ளைகளிடம் சில பலங்கள் அதிகம் தென்படும்: கேட்பது, முன்கூட்டியே யோசிப்பது, எழுதுவது. குழுக் கூட்டத்தில் கடைசியில் "அப்போ இவங்க இதைச் செய்றாங்க, அவங்க அதைச் செய்றாங்க, சரியா?" என்று சுருக்கிச் சொல்லும் வேலையை அவனுக்குக் கொடுக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். மூன்றே வாக்கியம்தான். ஆனால் கூட்டம் எங்கே போகிறது என்பதை அந்த மூன்று வாக்கியம்தான் முடிவு செய்யும், அதைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுகொள்வார்கள். பேசவே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தேவையான இடத்தில் கேட்கும்படி பேசப் பழக வேண்டும், அது பயிற்சியில் வரும்.

தமிழ் வகுப்புல நான் செம்மையா பேசுவேன், மத்த இடத்துல வாய் வராது. எது உண்மையான நான்?

இரண்டும் நீதான். தமிழ் வகுப்பில் என்ன வேறு என்று பார். பல பள்ளிகளில் அது சின்ன வகுப்பு, பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக வந்து உட்கார்ந்தாலும் எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும், தப்பாகச் சொன்னாலும் சிரித்துவிட்டுப் போவார்கள். உமறுப் புலவர் நிலையத்துக்குப் போய்த் தமிழ் படிக்கும் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள், பள்ளியில் ஊமை, அங்கே வாயாடி என்று. அப்படியானால் பேசும் பலம் உன்னிடம் இருக்கிறது, அது வெளியே வரத் தெரிந்த முகங்களும் சின்னக் கூட்டமும் தேவைப்படுகிறது. பள்ளியிலும் அதையே தேடு, நாற்பது பேர் முன்னால் தொடங்காமல் ஐந்து பேர் கொண்ட திட்டப்பணிக் குழுவில் தொடங்கு.

நேர்மாறாக, ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டிவிட்டுத் தமிழில் பேசும்போது கூசும் பிள்ளைகளுக்கும் இதே பதில்தான்.

நான் நல்லாத்தான் நடத்துறேன்னு நினைச்சேன், ஆனா டீம்ல யாருக்கும் என்னைப் பிடிக்கல. ஏன்?

தன் முதுகு தனக்குத் தெரியாது. 1955-இல் ஜோசப் லஃப்ட், ஹாரி இங்ஹாம் என்ற இருவர் இதை ஒரு சன்னலாக வரைந்து காட்டினார்கள், இருவர் பெயரையும் ஒட்டி அதற்கு ஜோஹாரி சன்னல் என்று பெயர். நான்கு கட்டம். எனக்கும் தெரியும் மற்றவர்களுக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியும், யாருக்கும் தெரியாது, அப்புறம் மற்றவர்களுக்குத் தெரியும் எனக்குத் தெரியாது. நீ மாட்டிக்கொண்டிருப்பது அந்தக் கடைசிக் கட்டத்தில்.

எங்கள் நாடகத்தில் ஒரு பையன். கணீர்க் குரல், ஒத்திகையை அவன்தான் நடத்துவான், எல்லாரையும் உற்சாகப்படுத்துவதாக அவனுக்கு நினைப்பு. ஒருநாள் பெயர் போடாமல் துண்டுத்தாளில் எழுதச் சொன்னேன். ஏழு பேரில் ஐந்து பேர் எழுதியது ஒரே விஷயம்: அவன் கத்தினால் வசனம் மறந்துவிடுகிறது. அந்த ஐந்தில் ஒரு தாளில் கீழே பொடி எழுத்தில் 'ஆனா அவன் இல்லன்னா ஒத்திகையே நடக்காது' என்றும் இருந்தது. படித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவன் பத்து நிமிடம் வரவில்லை. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்த சீன்ல கத்துனேன்?" அன்றிலிருந்து சத்தம் போடுவது ஒத்திகை தொடங்கும்போது மட்டும், திருத்தம் சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் போய்ச் சொல்வான்.

நீயும் மூன்று பேரிடம் கேள், அதில் ஒருவர் உன்னைவிடச் சின்னவராக இருக்கட்டும். 'நான் எப்படி?' என்று கேட்காதே, 'நீ சூப்பர்' என்றுதான் பதில் வரும். 'அடுத்த முறை நான் எதை நிறுத்த வேண்டும்?' என்று கேள். என்ன சொன்னாலும் அந்த இடத்தில் விளக்கம் கொடுக்காதே, நன்றி சொல்லிவிட்டு வா. கஷ்டமாகத்தான் இருக்கும்.

பலத்தைப் பாரு, பலத்தைப் பாருன்னா பலவீனத்தை அப்படியே விட்டுடலாமா?

எல்லாவற்றையும் விட முடியாது. எனக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. உன் பலவீனம் உன்னை மட்டும் பாதித்தால் (கையெழுத்து மோசம், சுவரொட்டி வரைய வராது) அதை வரத் தெரிந்தவரிடம் கொடு. மற்றவர்களைப் பாதித்தால் (நேரத்துக்கு வராதது, சொன்ன வேலையை மறப்பது, எரிந்து விழுவது) அதைச் சரிசெய்தே ஆக வேண்டும், 'நான் கிரியேட்டிவ் டைப் அக்கா' என்பதெல்லாம் செல்லாது.

மேலே சொன்ன கணீர்க் குரல் பையனின் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அவன் குறை அவன் பலத்துக்குள்ளேயேதான் இருந்தது. உப்பு மாதிரி, அளவு தாண்டினால் சாப்பாட்டைக் கீழே கொட்ட வேண்டியதுதான். பொறுப்பான பிள்ளை எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்வதும், இரக்கமுள்ள பிள்ளை யாருக்கும் 'இல்லை' சொல்லத் தெரியாமல் தவிப்பதும் இப்படித்தான்.

என் மகள் குழு வேலை எல்லாவற்றையும் தானே செய்கிறாள், ராத்திரி ஒரு மணி வரை. பெருமையா, கவலைப்படவா?

கவலைப்படுங்கள். முந்தின பதிலில் சொன்ன அந்தப் பொறுப்பான பிள்ளை இவள்தான். அவளிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: உன் குழுவில் ஒவ்வொருவருக்கும் எது நன்றாக வரும் என்று சொல். சொல்ல முடியவில்லை என்றால் அவள் அவர்களை இன்னும் பார்க்கவே இல்லை. தன் பலத்தைத் தெரிந்துகொள்வது பாதி வேலைதான், பக்கத்தில் இருப்பவனுடையதைக் கண்டுபிடித்து அதற்கேற்ற வேலையை அவனிடம் கொடுத்துவிட்டு, அவன் கொஞ்சம் வேறு மாதிரி செய்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது மீதி.

லீப்ஸ் புள்ளிக்கு இதெல்லாம் உதவுமா?

நேரடியாகக் கேட்டதற்கு நன்றி, எல்லாரும் சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். லீப்ஸ் என்பது உயர்நிலைப் பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கைகளுக்குப் புள்ளி தரும் முறை. 2014-இல் தொடங்கிய லீப்ஸ் 2.0-இல் பங்கேற்பு, சேவை, தலைமைத்துவம், சாதனை என்று நான்கு பிரிவு. நான்கிலும் குறைந்தது 3ஆம் நிலை, ஏதாவது ஒன்றில் 4ஆம் நிலை என்றால் மிகச் சிறப்பு, அதற்கு 2 போனஸ் புள்ளி. அடுத்த தரத்துக்கு 1 புள்ளி. தொடக்கக் கல்லூரிக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ விண்ணப்பிக்கும்போது தேர்வின் மொத்தப் புள்ளியிலிருந்து கழித்துக்கொள்வார்கள், அங்கே புள்ளி குறைவாக இருப்பதுதான் நல்லது. பிரிஃபெக்ட் பதவி மட்டும்தான் கணக்கு என்று நினைக்க வேண்டாம், வகுப்புக் குழுவும் மாணவர்களே தொடங்கி நடத்தும் திட்டங்களும் தலைமைத்துவத்தில் சேரும். விதிகள் அவ்வப்போது மாறும், சிசிஏ ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நாற்காலிப் பெண்ணுக்கு அன்றைய வேலைக்கு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டிஎஸ்ஏ-வில் தலைமைத்துவம் என்று போடலாமா? மகள் தொடக்கநிலை ஆறு.

டிஎஸ்ஏ, அதாவது பிஎஸ்எல்இ (தொடக்கநிலை ஆறின் இறுதித் தேர்வு) முடிவுக்கு முன்பே திறமையைப் பார்த்து உயர்நிலைப் பள்ளியில் இடம் தரும் நேரடிப் பள்ளிச் சேர்க்கை, 2004-இல் தொடங்கியது, தலைமைத்துவத்தை ஒரு பிரிவாக ஏற்கும் பள்ளிகள் பல இருக்கின்றன. மூன்று தெரிவுகள் வரை போடலாம், கட்டணம் கிடையாது. ஆனால் டிஎஸ்ஏ மூலம் இடம் உறுதியானால் பிஎஸ்எல்இ முடிவு எவ்வளவு நன்றாக வந்தாலும் வேறு பள்ளிக்கு மாற முடியாது, இதைச் சில பெற்றோர் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

நேர்காணலுக்குப் பயிற்சி கொடுக்கும் மையங்கள் மனப்பாடம் செய்ய வைக்கும் பதில்கள் உண்டு. 'என் பலவீனம், நான் எதையும் கச்சிதமாகச் செய்வேன்' என்பது அதில் ஒன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்படிச் சொல்வதைக் கேட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது, கேட்கும் ஆசிரியருக்கு எப்படி இருக்கும்? மேலே சொன்ன நோட்டை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள், சொல்வதற்கு அவளுக்கென்று நான்கு சம்பவமாவது கிடைக்கும்.

ஓபிஎஸ் முகாமுக்குப் போனால் தலைமைத்துவம் வந்துவிடும் என்கிறார்களே?

ஐந்து நாளில் யாருக்கும் வந்துவிடாது. ஆனால் நல்ல இடம். ஓபிஎஸ் என்பது அவுட்வர்ட் பவுண்ட் சிங்கப்பூர் என்ற வெளிப்புறப் பயிற்சி முகாம், 1967-இல் இருந்து புலாவ் உபின் தீவில் இருக்கிறது, இப்போது உயர்நிலை மூன்று பிள்ளைகள் வேறு பள்ளிப் பிள்ளைகளோடு கலந்து போகிறார்கள். மூன்றாவது நாள் சட்டை ஈரம், கொசுக்கடி, துடுப்பு பிடித்துக் கையில் கொப்புளம், அந்த நிலையில் நடிக்கத் தெம்பிருக்காது, யார் எப்படி என்று வெளியே வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் 'ஜாலியா இருந்ததா?' என்று கேட்பதோடு விடாமல், எப்போது உனக்கு அழுகை வந்தது, அப்போது யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். நோட்டில் எழுத நிறைய இருக்கும்.

பிரிஃபெக்ட் தேர்வில் கிடைக்கவில்லை. ரொம்ப உடைஞ்சுட்டான்.

இரண்டு நாள் உடைந்திருக்கட்டும். எனக்கும் நடந்தது. மாணவர் மன்றத்துக்கு மனுப் போட்டேன், 'நீ தமிழ் நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள், அது உனக்குச் சரியாக இருக்கும்' என்று ஓர் ஆசிரியர் அனுப்பிவிட்டார். இன்னும் அது எனக்கு உறுத்தும், பொய் சொல்ல மாட்டேன். அவனைத் தேற்றுவதற்காக 'அந்தப் பள்ளிக்குக் கொடுத்து வைக்கவில்லை' என்று சொல்லாதீர்கள். ஆசிரியரிடம் அவனே போய், என்ன குறைந்தது என்று கேட்கட்டும், நீங்கள் மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம். சில நேரம் பதில் உருப்படியாக இருக்கும், சில நேரம் 'இடம் குறைவு' என்பதுதான் பதில்.

ஃப்ரெண்ட்ஸையே கண்டிக்க வேண்டியிருக்கு. பேர் எழுதினா துரோகி, எழுதலன்னா பாரபட்சம்.

இதற்குச் சுத்தமான பதில் கிடையாது. பேட்ஜ் வாங்கிய முதல் வாரத்திலேயே நண்பர்களிடம் சொல்லிவிடு: "நான் டியூட்டியில் இருக்கும்போது உங்களை மாட்டிவிட வைக்காதீங்க, எனக்கு அது பிடிக்காது, ஆனா செய்வேன்." சம்பவம் நடந்த பிறகு சொன்னால் அது மிரட்டல், முன்னாலேயே சொன்னால் நட்பு. அதற்குப் பிறகும் ஒரு நண்பன் போய்விடலாம். எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு அப்படி ஆகி, ஒருவனுடைய நண்பன் மட்டும் திரும்பி வந்தான்.

அதே நேரம், தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகவோ வீட்டில் அடி விழுவதாகவோ நண்பன் சொன்னால், 'யாரிடமும் சொல்லாதே' என்று சத்தியம் வாங்கியிருந்தாலும், பள்ளி ஆலோசகரிடம் போ. அது பேர் எழுதுவதில் சேராது.

அவளுக்கு எல்லாம் இருக்கிறது, ஆனால் தலைவராகவே வேண்டாம் என்கிறாள். தள்ளிவிடலாமா?

ஏன் வேண்டாம் என்று கேளுங்கள். பயம் என்றால் சின்னப் பொறுப்பாகக் கொடுத்துப் பழக்கலாம். விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். நாற்காலி எண்ணிய பெண்ணுக்குப் போன வருடம் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் பொறுப்பைக் கொடுத்தோம். ஒரு வாரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள், மேடையில் ஏறி வரவேற்புரை சொல்ல வேண்டுமே என்று. அப்புறம் அவளே ஒன்று கேட்டாள், வரவேற்புரையை வேறு யாராவது பேசினால் மீதியை நான் பார்த்துக்கொள்ளலாமா என்று. கணீர்க் குரல் பையன் பேசினான்.